“ஆண்டவர் பார்த்துக்குவார்னு சொல்லிட்டு அவர் தூங்கிடுறார்”

வாசகியின் கடிதம் (சுருக்கமாக):

“அக்கா, பாம்பன் பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகி 11 வருடம். இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தப் படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. அன்றைக்குக் காய்ச்சல் என்று இவர் மட்டும் போகவில்லை. அதிலிருந்து ‘எல்லைக் கோட்டைத் தாண்டுற படகுல இனி ஏறமாட்டேன்’ என்று சித்தப்பாவின் வல்லத்துக்கு (நாட்டுப்படகு) போகிறார். வருமானம் பாதியாகிவிட்டது. என் தங்கை மாடி வீடு கட்டிப் பால் காய்ச்சிவிட்டாள். எங்கள் வீடு பாதி கீற்று, பாதி தகரம். மழை பெய்தால் பாத்திரம் வைக்க வேண்டும். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு 5 லட்சம் தர ஒருவர் தயாராக இருக்கிறார். இவர் ‘கடன் வேண்டாம், ஆண்டவர் பார்த்துக்குவார்’ என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறார். நான் விடிய விடிய முழித்துக் கிடக்கிறேன். ஒரு செபக்கூட்டத்தில், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காததால்தான் ஆசீர்வாதம் தடைபட்டிருக்கிறது, விதைப்புக் காணிக்கை கொடுங்கள் என்றார்கள். காதில் கிடக்கிற தோட்டைக் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். நல்ல வீட்டுக்கு ஆசைப்படுவது பாவமா அக்கா? அவருக்கு இருப்பது விசுவாசமா, பொறுப்பில்லாத்தனமா?”

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில், காதில் இருக்கும் தோட்டைக் கழற்றாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அந்தக் கூட்டத்தில் ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுத பெண்கள் எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டவர்கள்தான். வீட்டில் விவிலியம் இருந்தால் மாற்கு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தை எடுத்து, அந்தக் கதைக்கு முந்தைய வசனத்தைப் படியுங்கள். கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்கிக்கொண்டு, ஊர் பார்க்க நீளமாகச் செபம் சொல்கிறவர்களுக்குக் கடுமையான தண்டனை உண்டு என்று இயேசு சொல்லி முடிக்கிறார். அடுத்த வசனத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே போய் உட்காருகிறார். அப்போதுதான் அந்தப் பெண் வந்து, தன் பிழைப்புக்கு வைத்திருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிறாள். 40ஆம் வசனத்தை விட்டுவிட்டு 42ஐ மட்டும் வாசிக்கிறவர்களிடம் உங்கள் தோடு போய்ச் சேர வேண்டாம். உங்கள் வீடு ஒழுகுவது கீற்று மக்கிப்போனதால். ஆண்டவருக்கு உங்கள்மேல் எந்தக் கோபமும் இல்லை. மனமிருந்தால், முடிந்ததைக் கோயிலுக்குக் கொடுங்கள். சீட்டுக் கட்டுகிற மாதிரி இவ்வளவு போட்டால் இவ்வளவு வரும் என்று கடவுளிடம் கணக்கு வைக்க முடியாது.

நல்ல வீட்டுக்கு ஆசைப்படுவது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது அவருக்கு ஒன்பது வயது. மணல்மேட்டில் ஏறி உயிர் பிழைத்த குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. வீடு, வலை, வத்தை (சிறு படகு) எதுவும் மிஞ்சவில்லை. இடிந்து நிற்கும் அங்கத்திய தேவாலயச் சுவருக்கு முன்னால் நின்று இன்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அம்மா அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். “ஆண்டவர் நம்ம வீட்டைக் காப்பாத்துவார்” என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அலை கொண்டுபோனவர்களும் அன்று மாலை செபமாலை சொன்னவர்கள்தான் என்று அவருக்குத் தெரியும். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. உடுத்திய துணியோடு ராமேஸ்வரம் வந்து சேர்ந்தபோது முன்பின் தெரியாத ஒரு பொம்பளை தன் பிள்ளைகளுக்கு வைத்திருந்த கஞ்சியை எடுத்து இவர்களுக்கு ஊற்றினாராம். “அந்தக் கஞ்சியிலதான் ஆண்டவரைப் பார்த்தேன்” என்பார்.

அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க அம்மா பிடியரிசி எடுத்தார். உலையில் போட அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்புக்குப் பின்னால் இருக்கும் பழைய பால்பவுடர் டின்னில் போடுவார். மாதத் தொடக்கத்தில் அரிசி விழும் சத்தம் கணீரென்று கேட்கும். நாள் போகப்போக அது மங்கி, கடைசியில் சத்தமே இருக்காது. பாதியைக் கோயிலுக்குக் கொடுப்பார். மீதி, வாடைக்காற்று அடித்து அப்பாவின் வல்லம் கரையில் கிடக்கும் நாட்களுக்கு. ஐப்பசி பிறக்கும் முன்னே கூரைக்குக் கீற்று மாற்றியாக வேண்டும் என்று அப்பாவை உட்கார விடமாட்டார். ஒருநாளும் “ஒழுகட்டும், ஆண்டவர் இருக்கிறார்” என்று சொன்னதில்லை.

‘நாளைக்காகக் கவலைப்படாதீர்கள்’ என்று சொன்ன அதே மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், இவையெல்லாம் உங்களுக்குத் தேவை என்று உங்கள் விண்ணகத் தந்தைக்குத் தெரியும் என்றும் இயேசு சொல்கிறார். தேவை என்றுதான் சொல்கிறார். ஒழுகாத கூரை தேவை. ராத்திரி பாத்திரம் வைக்காமல் பிள்ளைகள் தூங்க ஓர் இடம் தேவை. அதற்காக நீங்கள் யாரிடமும், பாவசங்கீர்த்தனத்தில்கூட, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் கூரைக்கு ஒரு வரிதான் இருக்கிறது. தங்கை வீட்டு டைல்ஸ், மாடிப்படிக் கைப்பிடி, பால் காய்ச்சிய அன்று யார் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒன்றரைப் பக்கம் (இங்கே அதைச் சுருக்கிவிட்டேன்). உங்களைத் தூங்கவிடாதது எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை மேலே நின்றுகொண்டு சொல்லவில்லை. எனக்குக் கல்யாணமாகி ஆறாவது வருடம், கொழுந்தனார் கல்யாணத்துக்கு ஊரே வீட்டுக்கு வரும் என்று, ஆறு பவுனை அடகு வைத்து முன்பக்கம் தளம் போட்டுத் தூண் எழுப்பினோம். வட்டி கட்ட முடியாமல் நகை ஏலத்துக்குப் போனது. அந்த வருடம் ஜூலையில் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு முந்தானையால் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டு போனேன். தேர் வரும்போது எல்லோரும் சந்தியாகப்பரைப் பார்த்தார்கள். என் கழுத்தை யார் பார்க்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் ஒரு செபமும் சொல்லவில்லை. கடன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதில் நகையைவிட அது பெரிது என்று பிறகுதான் புரிந்தது.

இனி உங்கள் வீட்டுக்காரர் விஷயம்.

அவரைப் பொறுப்பில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். பொறுப்பில்லாதவர் விடிகாலை மூன்று மணிக்கு வல்லம் தள்ளப் போகமாட்டார். அவர் தாண்டமாட்டேன் என்கிறாரே, 1974லும் 1976லும் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் கடலில் போட்ட எல்லைக் கோடு அது. அதைத் தாண்டினால்தான் மீன்பாடு கிடைக்கும் என்று நினைக்கிற தொழிலில், கிடைக்கிறது போதும் என்று ஒரு மனிதர் இறங்கி வந்திருக்கிறார். 2018ல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்திய பிறகு, பிடிபட்ட படகு திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். மாதக்கணக்கில் சிறையில் கிடந்தவர்களின் மனைவிமார் ஆலோசனைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். அவர் விசைப்படகுக்குப் போன திங்கள், புதன், சனி ராத்திரிகளில் நீங்கள் நன்றாகத் தூங்கினீர்களா?

‘வானத்துப் பறவைகளை நோக்குங்கள்; அவை விதைப்பதுமில்லை, அறுவடை செய்வதுமில்லை’ என்று கோயிலில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஆட்கள்தான் நினைவுக்கு வருவார்கள். உழவனுக்கு அந்த வார்த்தை கொஞ்சம் திகைப்பாக இருக்கும். கடற்காரனுக்கு அது அவன் தொழில். நாம் விதைக்காத இடத்தில் போய் அள்ளிக்கொண்டு வருகிறோம். சீலாவையும் நகரையையும் நண்டையும் அங்கே கொண்டுவந்து வைத்தது நாம் இல்லை. வல்லத்தைத் தள்ளும் முன் குனிந்து ஒரு கை கடல்நீரை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறார்களே, அதற்கு அர்த்தம் அதுதான். என் அப்பாவும் செய்வார். ஆனால் அதற்கு முன்னால் பலகை இடுக்கை அடைத்திருக்கும் கலப்பத்து விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்திருப்பார். காற்று வாடையா கச்சானா என்று நின்று பார்த்திருப்பார். இரண்டையும் ஒரே கைதான் செய்தது.

உங்கள் வீட்டுக்காரரிடம் குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் நிம்மதியாகத் தூங்குகிறார், கவலை முழுவதும் உங்கள் தலையில் இருக்கிறது. வட்டிக்காரர் வந்தால், பள்ளிக்கூடத்தில் பணம் கேட்டால் பதில் சொல்கிறவர் நீங்கள். படகில் புயல் அடித்தபோது இயேசுவும் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கினார். சீடர்கள் எழுப்பிக் கேட்டது உங்கள் கேள்விதான்: “போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?” மாற்கு எழுதியபடி பார்த்தால் அவர் செய்த முதல் காரியம் விழித்தெழுந்து காற்றை அடக்கியது. ஏன் பயந்தீர்கள், இன்னும் நம்பிக்கை இல்லையா என்று கேட்டதெல்லாம் கடல் அமைதியான பிறகு. உங்கள் வீட்டுக்காரரும் இந்தப் பதிலைப் படிப்பார் என்று நினைக்கிறேன். தம்பி, நீங்கள் ஆண்டவர்மேல் வைத்திருக்கிற நம்பிக்கை உண்மையானது. உங்கள் மனைவி உங்களை எழுப்பினால் எழுந்து உட்காருங்கள். புத்தி சொல்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ‘எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்’ என்றுதானே சொல்கிறோம். அந்த ‘எங்கள்’ என்பதில் உங்கள் மனைவியும் இருக்கிறார்.

நாளைக்கென்று சேர்த்து வைப்பதே விசுவாசக் குறைவு என்று அவர் நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவரோடு சேர்ந்து உட்கார்ந்து விடுதலைப்பயணம் 16ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பாலைநிலத்தில் மன்னா என்ற உணவு பொழிந்தபோது அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கச் சொன்னார் கடவுள். நாளைக்கு இருக்கட்டும் என்று பதுக்கி வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. நம்மில் பலர் அதோடு நிறுத்திவிடுகிறோம். ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு எடுத்து வையுங்கள், ஏழாம் நாள் கிடைக்காது என்று சொன்னதும் அதே கடவுள். அப்படி எடுத்து வைத்தது கெடவில்லை. பயத்தில் பதுக்குவது வேறு, ஓய்வு நாளுக்கென்று எடுத்து வைப்பது வேறு.

கடலுக்கும் ஓய்வு உண்டு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்கான காலம் அது. வல்லத்துக்கோ வாடைக்காலம் தானாக வருகிற ஓய்வு. நாட்டுப்படகுக்குப் போகும் நம் ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்குவதில்லை என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை நல்ல பாடு கிடைத்திருந்தாலும், ஞாயிறு கடல் கண்ணாடி மாதிரி கிடந்தாலும் போவதில்லை. அந்த ஒருநாள் வருமானத்தை விடுவதை நம் முன்னோர் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை. கடவுளை நம்பி வாழ்வது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் காட்டுவேன். ஆறு நாள் உழைத்தவர்கள், வலையை உலர்த்திப் பொத்தல் தைத்து வைத்தவர்கள், அதற்குப் பிறகு கையை எடுத்துவிட்டு உட்காருகிறார்கள்.

அந்த 5 லட்சத்துக்கு வருவோம். நூற்றுக்கு 2 ரூபாய் என்றால் மாதம் 10,000 ரூபாய் வட்டி மட்டும். வருடத்துக்கு 1,20,000. நான்கு வருடத்தில் 4,80,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள், முதல் 5 லட்சம் அப்படியே நிற்கும். வாடையில் வல்லம் கரையில் கிடக்கும் மாதத்திலும் வட்டி ஓடும். அந்தப் பத்தாயிரம் வல்லத்துப் பங்கிலிருந்து வராது. வட்டி இரண்டு மாதம் நின்றால், அவர் வேண்டாம் என்று இறங்கி வந்த அதே படகில் மறுபடி ஏறியாக வேண்டும். தங்கை வீட்டைப் போல ஒரு வீடு எழும்பி, அதில் நீங்கள் படுத்துக்கொண்டு, அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராத்திரியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அந்தக் கடன் வேண்டாம்.

இறைவாக்கினர் எலிசாவிடம் ஒரு கைம்பெண் வந்து, கடன்காரன் என் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கக் கொண்டுபோக வந்திருக்கிறான் என்று அழுதாள் (2 அரசர்கள் 4). அவர் முதலில் கேட்டது ‘உன் வீட்டில் என்ன இருக்கிறது?’ என்பதைத்தான். கலயத்தில் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. அது பெருகிய பிறகும் சும்மா விடவில்லை. அதை விற்றுக் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று ஒழுங்கு சொல்லி அனுப்பினார். நான் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும், பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு 40 பக்க நோட்டோடு இரண்டு பேரும் உட்காருங்கள். வல்லத்துப் பங்கு போன ஆறு மாதத்தில் என்ன வந்தது, குழுக்கடன் எவ்வளவு, கடையில் பாக்கி எவ்வளவு என்று எழுதுங்கள். அவர் கையால் எழுதட்டும். சண்டை வந்தால் நிறுத்திவிட்டு அடுத்த ஞாயிறு தொடருங்கள். முதல் நாளே முடிக்கிற குடும்பங்கள் குறைவு.

எழுதி முடித்ததும் வெளியே கேட்டு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் அவரும், மீனவ மகளிர் சங்கத்தில் நீங்களும் உறுப்பினரா? சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டினால், அரசுப் பங்கும் சேர்ந்து 4,500 ரூபாயாகத் திரும்பி வரும். தகுதி இருந்தும் பெயர் கொடுக்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குடிசை வீட்டுக்காரர்களுக்கு 3.5 லட்சம் ரூபாயில் வீடு கட்டித்தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கான கணக்கெடுப்பில் உங்கள் வீடு இருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பாதி தகரமாக இருப்பதால் தகுதி உண்டா இல்லையா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்கத்திடம் கேட்பது விசுவாசத்துக்குக் குறைவு என்று அவர் சொன்னால், என் அம்மா குடித்த கஞ்சியும் யாரோ ஒருவர் கையால்தான் வந்தது என்று சொல்லுங்கள்.

தங்கையிடம் பேசாமல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவள் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அந்த மாடிக்கு அவள் மாதம் எவ்வளவு கட்டுகிறாள் என்று நீங்கள் கேட்க வேண்டாம். கூடப் பிறந்தவள், அவளாகச் சொல்லுவாள்.

கூரைக்கு வாடைக்கு முன்னால் கைவையுங்கள். கீற்றுப் பக்கத்தை முழுக்கப் பிரித்து மாற்றுங்கள். தகரப் பக்கத்தில் எல்லாத் தகரத்தையும் மாற்ற வேண்டியிருக்காது, வெளிச்சத்தில் நின்று மேலே பார்த்து ஓட்டை விழுந்ததை மட்டும் கரியால் குறித்து வையுங்கள். ஆணி அடிக்கிற இடத்தில் ரப்பர் வாஷர் போடச் சொல்லுங்கள். நம் உப்புக்காற்றுக்கு முதலில் துருப்பிடித்து ஒழுகுவது அந்த ஆணி ஓட்டைதான். கூலிக்கு ஆள் தேடாமல் அன்பியத்தில் (பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) நாலு பேரைக் கூப்பிடுங்கள், மதியம் ஒரு மீன்குழம்பு வைத்தால் போதும். வேலை முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். நோட்டில் என்ன கணக்கு வந்தது என்பதையும்.

அன்புடன்,
உங்கள் அக்கா